ஞாயிற்றுக்கிழமை நீலம்

சர்க்கரை வியாதிக்காரி நான், சர்க்கரை குறைந்து சாகக் கிடந்தேன் என்று சொன்னால் ஜனங்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கூடினால்தானே ஆபத்து, குறைந்தால் நல்லதுதானே என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான், எனக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊசிக்காகக் காத்திருக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர், "ஒங்களுக்கு என்னதான் நடந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார்கள். வாயால் சொல்லப் போனால் நடுவில் ஒரு சொல் தப்பிவிடுகிறது, பிறகு முழுக் கதையும் நின்றுவிடுகிறது. எழுதினால் நின்று நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எனக்கு. பெயர் திரேசம்மாள். வீட்டுக்காரர் சவரிமுத்து லாரி ஓட்டுகிறார். பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி வத்தலக்குண்டில் இறக்கிவிட்டு வருவார். எங்களுக்கு ஒரே மகள், ரெஜினா. வீட்டுக்காரரின் அக்கா லூர்து கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருக்கிறார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

குளிரில் பல் கிட்டும் மாதத்தில் நான் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததுதான் ஆரம்பம். சாப்பிட்டுக்கொண்டே இளைத்தேன். ரவிக்கையெல்லாம் தோளிலிருந்து வழிந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெரிய டாக்டர் விளக்கினார்: சாப்பிடுவதெல்லாம் இரத்தத்தில் சர்க்கரையாகிறது, அதை உடம்பு எரித்துப் பலமாக்க ஒரு சாறு சுரக்க வேண்டும், அது எனக்குச் சுரக்கவில்லை. அந்தச் சாற்றைத்தான் ஊசியில் ஏற்றப்போகிறார்கள், அதன் பெயர் இன்சுலின். "சாகிற வரைக்கும் போடணுமா?" என்று கேட்டேன். "சாகாம இருக்கிற வரைக்கும் போடணும்மா," என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

காலையில் எழுந்ததும் ஊசி, உடனே சாப்பாடு, தினமும் ஒரே நேரம், ஒரு நாளும் நேரம் தப்பக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். சிறுநீரை வீட்டிலேயே சோதிக்கவும் பழக்கினார்கள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறத்துக்கு வந்தால் மோசம். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரையே இல்லை. நாங்கள் நீலத்துக்காக ஏங்கினோம். வாரநாட்களில் பெரும்பாலும் மஞ்சள்தான் வரும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. பிறந்ததிலிருந்து பழகியது, அதை ஒரு கஷ்டமாகவே நாங்கள் நினைத்ததில்லை. டாக்டர் நேரம் தப்பக்கூடாது என்று சொல்லியிருந்தார், எனவே ஞாயிறும் விடிந்ததும் ஊசி போட்டுக்கொண்டேன். திருச்சபை சாப்பிடாதே என்று சொல்லியிருந்தது, எனவே வெறும் வயிற்றோடு கோயிலுக்கு நடந்தேன். இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே கேட்டேன். மதுரை டாக்டருக்கு எங்கள் பூசை தெரியாது, எங்கள் சாமியாருக்கு ஊசி தெரியாது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனால் நடமாடுகிற என்னை நோயாளி என்று நானே நினைக்கவில்லை.

கோயில் வாசலில் கால் வைக்கும்போது ஒன்றும் இருக்காது. பிரசங்கம் பாதி போகும்போது, எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும் அந்தக் குளிரில், எனக்கு மேலுதடு வியர்க்கும். விரல் நடுங்கும். பீடத்து மெழுகுத்திரிகள் இரண்டிரண்டாகத் தெரியும். கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், அப்புறம் அது அடங்கிப்போய் ஒரு அமைதி வரும். சாமியார் சொல்லும் லத்தீன் எனக்கு மட்டும் சொல்வது போலிருக்கும். கண்ணீர் கொட்டும், ஏன் என்று தெரியாது. பக்கத்திலிருப்பவர் கூப்பிட்டால் காதில் விழும், பதில் சொல்ல வராது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் கவனித்தது மதினிதான்.

"ஏலே சவரி, நம்ம திரேசு மேல மாதா எறங்குறாடா. நன்மை வாங்கயில அவ மூஞ்சியப் பாத்தியா?"

"பசி மயக்கமா இருக்கும்க்கா," என்றார் அவர்.

"ஒனக்கு எல்லாம் வயித்துக்குள்ளதான் கெடக்கு."

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்போம். பளிச்சென்று நீலம். வாரம் முழுக்க மஞ்சள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீலம். இதைவிட அத்தாட்சி வேறென்ன வேண்டும்? மதினி அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் காட்டினார். பிறகு நான் இட்லி சாப்பிடுவேன், தலைவலியோடு படுத்து எழுந்திருப்பேன், பழைய திரேசம்மாள் ஆகிவிடுவேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் தினமும் பூசைக்குப் போனேன், தினமும் நீலம் வந்தது. பேத்துப்பாறையிலிருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதே நாட்களில்தான் வகுப்பில் தடுமாற ஆரம்பித்தேன். ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தவள், ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டுவிட்டு விடை எனக்கே தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். வருகைப்பதிவில் பெயர் இருக்கும், முகம் இருக்கும், இரண்டையும் சேர்க்க முடியாது. தலைமையாசிரியையான மதர், "என்ன டீச்சர், டயர்டா இருக்கீங்களா?" என்று கேட்டார். வயதாகிறது என்று சொல்லிச் சிரித்தேன். எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

கோயில் திருவிழா வந்தது. அந்த வருஷம் மேற்றிராணியார், அதுதான் பிஷப், வந்து பூசை வைப்பதாக ஏற்பாடு. அன்றைக்குத்தான் ரெஜினாவுக்குப் புது நன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுத்திரி. மகளோடு சேர்ந்து முழந்தாளிட்டு நானும் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. விடிந்ததும் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பெருமாள்மலைக்குக் கீழே மஞ்சு இறங்கி ரோடே தெரியாமல் போய்விட்டது. மேற்றிராணியாரின் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேரும்வரை பூசை தொடங்கவில்லை. நாங்கள் பட்டினியாகக் காத்திருந்தோம். பிள்ளைகள் முகமெல்லாம் வாடிவிட்டது. ரெஜினா என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வழக்கமாக வருவது வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. பாடகர்கள் எழுந்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். பிரசங்கத்தின்போது பக்கவாட்டில் சரிந்தேனாம். கை கால் வெட்டி இழுத்ததாம். பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்ததும் மதினி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றிருக்கிறார். "யாரும் தொடாதீங்க, மாதா எறங்கியிருக்கா." யாரும் தொடவில்லை. சுற்றி முழந்தாளிட்டார்கள். ஒருத்தி தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி என் நெஞ்சில் வைத்தாள். ரெஜினா பக்கத்துப் பெண்ணிடம், "எங்கம்மா மேல மாதா வந்திருக்கா," என்று பெருமையாகச் சொன்னாளாம். பிறகு வரிசையில் போய்த் தன் முதல் நன்மையை வாங்கினாள். அவ்வளவு நேரமும் நான் தரையில் கிடந்தேன். என் மூளை பசியில் செத்துக்கொண்டிருந்தது, என்னைச் சுற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வீட்டுக்காரர் கடைசி வரிசையில் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, பூசை முடியுமுன்பே, பெண்கள் பகுதியைத் தாண்டிக்கொண்டு வந்தார். "நகருங்க. இது சீக்கு," என்று மட்டும் சொல்லி என்னைத் தூக்கினார். மதினி தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அக்காவின் கையை அவர் தட்டிவிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் முதலில் வலிப்பு என்றார்கள். சர்க்கரை வியாதிக்காரி என்று அவர் சொன்னதும், பின்னாலேயே வந்து சேர்ந்த மதினி, "இன்னைக்குப் போட்ட ஊசி பத்தலபோல, வெரசா இன்னொண்ணு போடுங்க டாக்டரய்யா," என்று அழுதிருக்கிறார். நல்லவேளை, அந்த டாக்டர் கொஞ்சம் நின்று பார்க்கிறவர். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"காலைல என்ன சாப்பிட்டாங்க?"

"பூசைக்குப் போறவங்க ஒண்ணும் சாப்பிட மாட்டோமுங்க," என்றார் வீட்டுக்காரர்.

"ஊசி?"

"அது வெள்ளனே போட்டாச்சுங்க."

சர்க்கரை கூடி மயங்கினால் தோல் காய்ந்துபோயிருக்கும், நாக்கு வறண்டிருக்கும். எனக்கோ முக்காடு பிழியும் அளவுக்கு வியர்த்திருந்தது. டியூப் வைத்துச் சிறுநீர் எடுத்துக் காய்ச்சினார்கள். குழாயைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "நீலமாத்தானே இருக்கு, நல்லதுதானுங்களே," என்றாராம். டாக்டர் என் கை நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்தார்.

குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் கண் திறந்தேன் என்கிறார்கள். எனக்கு அது நினைவில்லை. ஜன்னல் வழியாக மஞ்சு வார்டுக்குள் வந்து எதிர்க் கட்டில் மறைந்துபோவதும், திரும்பத் தெரிவதும் நினைவிருக்கிறது. அந்தக் கட்டிலில் இருந்தது ஒருவரா, வேறு வேறு ஆட்களா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. வலது கை கனத்துக் கிடந்தது. தண்ணீர் வேண்டும் என்று நினைப்பேன், வாயில் 'கரும்பலகை' என்று வரும்.

ரெஜினாவைக் கூட்டிவந்தார்கள். கட்டில் ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை நிற்கிறது, நன்றாக எண்ணெய் வைத்துச் சீவியிருக்கிறார்கள், பரவாயில்லை என்று நினைத்தேன். "உன் பேரென்ன? எந்த வகுப்பு?" என்று கேட்டேன். பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மறுபடியும், கொஞ்சம் அதட்டலாகவே, "பேரைச் சொல்லு," என்றேன். "ரெஜினா, மூணாம் வகுப்பு," என்றாள். "நல்லாப் படிக்கணும்," என்றேன். இதை அவர் பல மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார், சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பகலில் சோதனைகள். இரத்தம் எடுத்து பஸ்ஸில் மதுரைக்கு அனுப்புவார்கள், முடிவு வருவதற்குள் என் உடம்பு வேறு நிலைக்குப் போயிருக்கும். டாக்டர் தினமும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். இன்று என்ன கிழமை, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். நான் பிள்ளைகளைக் கேட்ட கேள்விகள். தொண்ணூற்று மூன்றோடு நின்றேன். பெஞ்சில் ஏற்றி நிறுத்தாததுதான் பாக்கி.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்ப்பேன், எங்காவது ஒன்று விழுந்துபோயிருக்கும். எது விழுந்தது என்றும் தெரியாது, ஓட்டை மட்டும் தெரியும். பைத்தியமாகிவிடுவேனோ என்று பயந்தேன். சாவுக்கு அவ்வளவு பயப்படவில்லை.

வீட்டுக்காரர் லாரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு வராந்தாவிலேயே கிடந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கறவை மாட்டை விற்றார், என்னிடம் அது சினைக்குப் போயிருக்கிறது என்று பொய் சொன்னார். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுப்பதையும் மருந்தை அளப்பதையும் நர்ஸிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். கியர் போட்டுப் பழகிய கையால் ஊசிக்குழலைத் தூக்கிப்பிடித்து, அந்தச் சின்னக் கோடுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பார். மதினி என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். உள்ளங்கால் காந்தும், போதும் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

பேச்சு ஓரளவு திரும்பியபின் டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

"மத்த உறுப்பெல்லாம் பட்டினி தாங்கும்மா," என்றார். "கொழுப்பிருக்கு, சதை இருக்கு, எடுத்துச் சமாளிச்சுக்கும். மூளைக்குச் சேமிப்புக் கிடையாது. இரத்தத்துல அப்பப்ப வர்ற சர்க்கரைதான் அதுக்குச் சாப்பாடு. சர்க்கரை இறங்கினா முதல்ல நடுக்கம், வேர்வை. அது எச்சரிக்கை. அப்புறம் புத்தி கலங்கும், சிரிப்பும் வரலாம், அழுகையும் வரலாம். அதுக்கும் கீழ போனா வலிப்பு, மயக்கம். ரொம்ப நேரம் விட்டா சில பகுதி அழிஞ்சிரும்."

"ஞாயித்துக்கிழமைகள்ல எனக்கு வந்ததும் இதுதானா?"

அவர் கிறிஸ்தவரில்லை, ஆனால் என் மனசைப் புண்படுத்த விரும்பவில்லை என்று தெரிந்தது. "ஒடம்புல நடந்ததை மட்டுந்தான் நான் சொல்ல முடியும்," என்றார்.

"போனது திரும்புமா?"

"கொஞ்சம் திரும்பும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை இறங்குறப்பவும் கொஞ்சங் கொஞ்சமாத் தேயுதா, வயசான காலத்துல அது மறதியா வந்து நிக்குமான்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. இனிமே ஒரு தடவைகூட விழக் கூடாது. அதுதான் நான் சொல்வேன்."

வீட்டுக்கு வந்தேன். கங்காணி மாதிரி அவர் எந்நேரமும் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கும். சாமியார் வீட்டுக்கே வந்து, "சாப்பிட்டுட்டு வந்து நன்மை வாங்கும்மா, நான் அனுமதி தர்றேன்," என்றார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. சில வருஷத்தில் ரோமையிலேயே சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். பள்ளியில் மதர் என்னை மூன்றாம் வகுப்பிலிருந்து பாலர் வகுப்புக்கு மாற்றினார். அங்கே பத்துக்கு மேல் எண்ண வேண்டியதில்லை. நான் நன்றி சொன்னேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டு, கோயிலுக்குப் போனேன். ஒன்றும் வரவில்லை. மெழுகுத்திரி ஒன்று ஒன்றாகத்தான் எரிந்தது. லத்தீன் லத்தீனாகத்தான் இருந்தது. முழங்கால் வலித்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே. என்னைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் மெல்ல மெல்ல வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: அது வியாதிதான் என்று தெரிந்தபிறகும் நான் அதற்கு ஏங்கினேன். வியாதியை எடுத்தவர்கள் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டேன்.

போன மழைக்காலத்தில் பூம்பாறையிலிருந்து ஒரு தாய் வந்தாள். மதினிதான் கூட்டிவந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூச்சு கர்ரென்று இழுக்கிறது, விலா எலும்பு ஏறி இறங்குகிறது. ஆஸ்பத்திரியிலும் காட்டியாகிவிட்டதாம்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு ஞாயித்துக்கெழம முன்ன மாதிரி ஒண்ணும் சாப்பிடாமக் கும்புடுங்க. எம்புள்ளைக்காக," என்று காலைப் பிடித்தாள்.

நான் மதினியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தார்.

"நீ வழக்கம்போல ஊசியப் போட்டுக்க திரேசு. நான் சீனியக் கையில வச்சுக்கிட்டு ஒம் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். மயக்கம் கூடிப்போனா வாயில போட்டுர்றேன். டாக்டர் சொன்னதெல்லாம் நெசந்தான், நான் இல்லங்கல. மயக்கத்து வழியா வந்தாலும் வந்தது மாதாதானே?"

எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆசை மட்டும் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு தடவைதானே, பக்கத்தில் சீனியோடு ஆள் இருக்கப்போகிறதே. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது ரெஜினா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நனைந்த பையோடு நிலைப்படியில் நின்று, "அம்மா, நான் ரெஜினா," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் டீச்சரம்மா, பாப்பா பேரைச் சொல்லிட்டு வருது?" என்று கேட்டாள் பூம்பாறைக்காரி. மதினி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாலும், என் முன்னால் வரும்போதெல்லாம் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"நான் சாப்பிட்டுட்டுத்தாம்மா கும்புடுவேன்," என்றேன் அந்தத் தாயிடம். "ஒனக்குச் சம்மதம்னா புள்ள பேரைச் சொல்லிட்டுப் போ."

பெயரைச் சொல்லிவிட்டு, தொங்கிய முகத்தோடு போனாள். சாப்பிட்டுவிட்டுத்தான் கும்பிட்டேன். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்குத் தகவல் வரவில்லை.

ரெஜினாவின் பெயர் எனக்கு இப்போதெல்லாம் மறப்பதில்லை. ஆனாலும் அதைச் சொல்ல வேண்டாம் என்று இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.